ஆரஞ்சுத் துணியின் சரியான நிறம்

ஹாலிவுட்டில் ஒரு பெரிய ஸ்டுடியோவின் துல்லியத் துறையில் பதினெட்டு வருஷம் தட்டச்சு வேலை பார்த்தேன். அந்தப் பதினெட்டு வருஷத்தில் துறையின் பெயரில் ஒரே ஒரு தவறுதான் பதிவாகியிருக்கிறது. அதைச் செய்தது நான். கடைசியில் சொல்கிறேன். துறை எவ்வளவு ஒழுங்கானது என்று முதலில் தெரிந்தால்தான் என் தவறு எத்தனை பெரியது என்பது உங்களுக்கு விளங்கும்.

யுத்தப் படங்களில் சரித்திரப் பிசகு வராமல் காப்பதுதான் எங்கள் வேலை. தலைவர் டாக்டர் ஃபென்விக். சிப்பாய்களின் காற்சட்டைப் பொத்தான்களை ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். எங்கள் படிவத்தில் மூன்றே கேள்விகள்தான் உண்டு: என்ன பொருள், எத்தனை, என்ன நிறம். யார், ஏன் என்ற கேள்விகளெல்லாம் மூன்றாம் மாடியில் இருந்த கதைத் துறைக்குச் சொந்தம். எங்கள் மாடியில் யாராவது "ஏன்" என்று ஆரம்பித்தால் டாக்டர் எழுந்து நின்று மரியாதையாகப் படிக்கட்டைக் காட்டுவார். மேலே போய்க் கேட்டால், இது சரித்திரமாயிற்றே, கீழே போய்க் கேளுங்கள் என்பார்கள்.

ஒரு தடவை வேறொரு நாட்டுக்காரர்கள் பிடித்த துறைமுகத்தை எங்கள் படத்தில் எங்கள் கதாநாயகன் பிடித்தான். அந்தத் துறைமுகத்தில் படுத்திருந்த பூனை எந்த நிறம் என்று கேட்டு அந்த ஊர் நகரசபைக்கு மூன்று ஃபேக்ஸ் அனுப்பினோம். பதிலே வரவில்லை. அவர்களுக்குச் சரித்திரத்தில் அக்கறை இல்லை என்று டாக்டர் வருத்தப்பட்டார்.

தொண்ணூற்றேழாம் வருஷம் வசந்த காலத்தில் வெர்லின் டகெட் வந்து சேர்ந்தார். அயோவாவில் டிராக்டர் ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவர். எழுபத்து மூன்று வயது. நார்மண்டியில் ஒரு பாலத்துக்காக நடந்த சண்டையை எங்கள் ஸ்டுடியோ படமாக எடுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சண்டையில் இருந்த படைப்பிரிவில் உயிரோடு மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான். விளம்பரத்துக்கு உயிரோடு ஒருவர் தேவைப்பட்டதால் ஆலோசகர் என்று பெயர் வைத்து அழைத்திருந்தார்கள். இருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு, கசகசா வைத்துச் சுட்ட கொலாச்சே பன்களை ஒரு தகர டப்பாவில் எடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்று கொடுத்தார். டாக்டருக்கும் நீட்டினார். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாற்பத்து நாலில் இதே அளவில்தான் சுட்டார்களா என்று கேட்டார்.

பன்களைச் சுட்டுக் கொடுத்தது ஓபல் குபிசெக். வெர்லினின் சிநேகிதன் ஆர்லோ குபிசெக்கின் தங்கை. வெர்லின் இங்கே வந்ததே அந்த அம்மாளுக்காகத்தான். முதல் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

அந்தப் பாலத்தை எங்கள் ஆட்கள் போவதற்கு இரண்டு நாள் முன்பே போலந்துப் படை பிடித்து வைத்திருந்தது. வெர்லினின் ஆட்கள் அவர்களோடு போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் விமானங்கள் வந்தன. நம் விமானங்கள். எல்லோரும் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள். முதல் குண்டு போலந்துக்காரர்கள் நடுவில் விழுந்தது. கீழே இருப்பது நம் ஆள்தான் என்று விமானிக்குக் காட்டுவதற்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய துணி உண்டு. அது ஜீப்பில் மடித்தபடி கிடந்தது. ஆர்லோ அதைத் தூக்கிக்கொண்டு பாலத்தின் நடுவுக்கு ஓடி, விரித்து, நாலு மூலையிலும் கல்லை வைத்தான். நாலாவது கல்லை வைக்கும்போது அடுத்த குண்டு விழுந்தது. அதற்குப் பின்னால் வந்த விமானங்கள் துணியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டன.

"நான் இங்க உக்காந்து பன் திங்கறேன்னா அந்தத் துணியாலதான்மா" என்றார் வெர்லின்.

நம் விமானமே நம் ஆள் மேல் குண்டு போட்டதாக யாரும் எழுதவில்லை. ஆனால் ஒருவன் பாலத்தின் நடுவில் செத்துக் கிடந்ததற்கு ஏதாவது எழுதியாக வேண்டுமே. உத்தரவில்லாமல் நிலையை விட்டு ஓடியபோது இறந்தார் என்று எழுதிவிட்டார்கள். அதனால் அவர்கள் ஊர் நீதிமன்ற வாசலில் உள்ள நினைவுக் கல்லில் ஆர்லோவின் பெயர் கிடையாது. கடமையில் இறந்தவர்களுக்கு மட்டும்தான் அந்தக் கல். ஐம்பது வருஷமாக, போரில் இறந்த சிப்பாய்களின் நினைவு நாளன்று ஓபல் போய், கல்லுக்குப் பக்கத்துப் புல்தரையில் பூவை வைத்துவிட்டு வருகிறாள். ராணுவ ஆவணத் திருத்த வாரியத்துக்கு மூன்று தடவை மனுப் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் வெர்லின் சாட்சி எழுதிக் கொடுத்தார். ஒரு கிழவனின் ஞாபகம் மட்டும் போதாது, புதிய ஆதாரம் வேண்டும் என்று மூன்று தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலாவது மனு இப்போது வாரியத்தில் இருந்தது. ராணுவத்தின் ஒத்துழைப்போடு, துல்லியத் துறையின் முத்திரையோடு வரும் படத்தில் ஆர்லோ துணியோடு ஓடினால் அதைவிடப் புதிய ஆதாரம் வேறென்ன இருக்க முடியும் என்பது வெர்லினின் கணக்கு.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அப்போது ஸ்டுடியோவில் எனக்குப் பன்னிரண்டு வருஷ அனுபவம் இருந்தது. அப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

துணி விஷயத்தில் டாக்டர் காட்டிய சிரத்தையைக் குறை சொல்லவே முடியாது. ஐம்பத்தேழு சாயம் கலக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றையும் வெயிலில் விரித்து வெர்லினைப் பக்கத்தில் நிறுத்தினார். இது ரொம்பச் சிவப்பு, இது பூசணி, இது வேறு என்று அவரும் சளைக்காமல் சொன்னார். மூன்றாவது வாரத்தில் ஒரு துண்டைப் பார்த்ததும் வெர்லின் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் என்னைப் பார்த்து, சரியான நிறம் கிடைத்துவிட்டது, நேரத்தைக் குறித்துக்கொள் என்றார்.

அன்றைக்கு என் மேஜைத் தொலைபேசியிலிருந்து ஓபலைக் கூப்பிட்டார் வெர்லின். அவனை அப்படியே கண் முன்னால் நிறுத்திவிட்டார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பொருள் பட்டியலில் ஆர்லோவின் பெயரும் ஏறியது. வரிசை எண் 2905 ஆரஞ்சுத் துணி, 2906 ஆர்லோ குபிசெக் என்ற பெயர். இரண்டும் நிஜமானவை என்று நான் தட்டச்சு செய்து நீட்டினேன். வெர்லின் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் கர்னல் விட்கோம்ப் வந்தார். ராணுவத்தில் சினிமாக்காரர்களுக்கு உதவும் பிரிவு அவருடையது. பயிற்சி மைதானம், முந்நூறு சிப்பாய்கள், காட்சிசாலையில் இருந்த இரண்டு பழைய குண்டு விமானங்கள், எல்லாவற்றையும் இரவலாகக் கொடுப்பார். பதிலுக்கு எதுவும் கேட்கமாட்டார். திரைக்கதையைச் சிவப்புப் பென்சிலோடு வாசிப்பார், அவ்வளவுதான். எங்கள் காகிதங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு நகல் அவர் அலுவலகத்துக்குப் போகும்.

கர்னல் வெர்லினைக் கண்டதும் சல்யூட் அடித்தார். பிறகு உட்கார்ந்து, விமானக் காட்சியில் சிவப்புக் கோடு போட்டார்.

"பெரியவரே, உங்க சேவைக்கு நாடே தலை வணங்குது. ஆனா நம்ம விமானம் நம்ம ஆள் மேல குண்டு போட்டதா எங்ககிட்ட ஒரு காகிதமும் இல்ல. இருந்தா நாங்கதான் முதல்ல ஒத்துக்குவோம். ஒத்துக்கற குணம் எங்களுக்கு உண்டு. அதனாலதான் அப்படிப்பட்ட காகிதத்தை நாங்க வெச்சுக்கறதே இல்ல."

வெர்லினுக்கு இது சட்டென்று விளங்கவில்லை. வெடிக்காமல் கிடந்த ஒரு குண்டைத் தானே தொட்டுப் பார்த்ததாகச் சொன்னார். ஒஹாயோவில் ஒரு தொழிற்சாலையின் முத்திரை அதில் இருந்ததாம்.

"எதிரி திருடியிருப்பான்" என்றார் கர்னல்.

"அந்த மாசம் பூராவும் எதிரி விமானம் ஒண்ணைக்கூட நாங்க கண்ணால பாக்கலையே, கர்னல்."

"பாத்தீங்களா? எவ்வளவு நல்லா ஒளிச்சு வெச்சிருந்திருக்கான்."

டாக்டர் ஃபென்விக் இப்போது நாற்காலியின் நுனிக்கு வந்தார். முத்திரை எழுத்து என்ன நிறம் என்று கேட்டார். மஞ்சள் என்றார் வெர்லின். டாக்டர் படிவத்தில் எழுதிக்கொண்டார். படத்தில் ஜெர்மன் விமானம் போடும் குண்டுகளில் ஒஹாயோ முத்திரை மஞ்சள் எழுத்தில் பளிச்சென்று தெரியும். போய்ப் பாருங்கள்.

போலந்துக்காரர்களைக் கர்னல் தொடவில்லை. அவர்களைத் தீர்த்துக்கட்டியது தயாரிப்பாளர். பாதிப் படத்தைப் பன்னிரண்டு பேருக்குப் போட்டுக் காட்டி, என்ன பிடிக்கவில்லை என்று அட்டையில் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஏழு பேர், புரியாத பாஷை பேசுகிறவர்கள் யார் என்று கேட்டிருந்தார்கள். தயாரிப்பாளர் எங்கள் மாடிக்கே இறங்கி வந்தார். வேறு யாரோ இரண்டு நாள் முன்னாலேயே பாலத்தைப் பிடித்துவிட்டார்கள் என்றால் நம் ஆட்கள் எதற்காகப் போனார்கள் என்று டிக்கெட் வாங்கினவன் கேட்கமாட்டானா என்றார். அவருக்கும் போலந்து மேல் மரியாதை உண்டாம். அதனால் ஒரு போலந்துச் சமையல்காரனை மட்டும் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அவன் கதாநாயகனுக்கு பீட்ரூட் சூப் கொடுத்துவிட்டு, அமெரிக்கா அழகான நாடு என்று சொல்லிச் சாவான்.

"அறுபத்தி மூணு பேரை நானே எண்ணினேன்" என்றார் வெர்லின். "பாலத்துக்கு அந்தப் பக்கம். வரிசையாப் படுக்க வெச்சிருந்தாங்க."

"அறுபத்து மூணு உடம்பும் இருக்கும், டகெட்" என்றார் டாக்டர். "ஒண்ணுகூடக் குறைய விடமாட்டேன். உடுப்பை மட்டும் ஜெர்மன் உடுப்பா மாத்தறோம்."

வெர்லின் என்னைப் பார்த்தார். நான் தட்டச்சு இயந்திரத்தைப் பார்த்தேன். அறுபத்து மூன்று ஜெர்மன் உடுப்பு, பொத்தானோடு, என்று அடித்தேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அதற்குப் பின்னால் நடந்ததில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. விமானங்கள் ஜெர்மன் விமானங்கள் ஆகிவிட்டன. போலந்துக்காரர்கள் ஜெர்மன்காரர்கள் ஆகிவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஆர்லோதான். எதிரி விமானம் தலைக்கு மேல் பறக்கும்போது, ஒரு அமெரிக்கச் சிப்பாய் ஆரஞ்சுத் துணியைத் தூக்கிக்கொண்டு எதற்காகப் பாலத்தின் நடுவுக்கு ஓடுகிறான்? கதைத் துறை நாலு நாள் யோசித்தது. துணியை எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். டாக்டர் சம்மதிக்கவே இல்லை. ஐம்பத்தேழு சாயம் கலக்கி நிரூபித்த துணி அது, சரித்திரத்தில் கை வைக்க விடமாட்டேன் என்றார். ஐந்தாம் நாள் கதைத் துறையிலிருந்து புதிய பக்கங்கள் வந்தன. ஆர்லோ பயந்துபோய்விடுகிறான். எதிரியிடம் சரணடையத் துணியை ஆட்டிக்கொண்டே ஓடுகிறான். கதாநாயகன் அவனைத் தடுக்கப் பின்னால் ஓடி, பாலத்தைக் காப்பாற்றுகிறான்.

வெர்லின் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு டாக்டரின் அறைக்குள் போனார். குறிப்பெடுக்க நானும் கூடப் போனேன். அவர் சத்தம் போடவில்லை. படத்தில் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆர்லோவின் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். அவன் தங்கை தியேட்டருக்குப் போவாள், அந்த ஊரே போகும் என்றார்.

டாக்டர் பட்டியலைப் புரட்டினார். வரிசை எண் 2906 நிஜமான பெயர் என்று உறுதி செய்யப்பட்டுவிட்டது. நிஜமான ஒன்றைப் படத்திலிருந்து நீக்கத் துறையின் விதியில் இடம் இல்லை. பொய்யானதைத்தான் நீக்கலாம்.

"அப்ப நான் என்னதான் பண்ணணும்?" என்றார் வெர்லின்.

"ரொம்பச் சுலபம். அந்தப் பேர்ல ஒருத்தர் அங்க இல்லவே இல்லன்னு எழுதிக் குடுங்க. நாங்க சாயங்காலத்துக்குள்ள தூக்கிடறோம்."

"அவன் அங்க இருந்தானே, டாக்டர்."

"அப்ப படத்துலயும் இருப்பார்."

வெர்லின் அந்த நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். டாக்டர் அவரை அவசரப்படுத்தவில்லை. ஒரு பொத்தானை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் வெர்லின், இந்தக் காகிதம் இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகுமா என்று கேட்டார். பட்டியலோடு சேர்த்துக் கோப்பில்தான் வைப்போம் என்றார் டாக்டர். அது பொய் இல்லை. எங்கள் கோப்பிலும் வைத்தோம், நகலைக் கர்னலின் கோப்பிலும் வைத்தார்கள். அதைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். எனக்கு நகல்கள் போவது தெரியும், வாரம் தவறாமல் உறையில் போட்டு அனுப்பியதே நான்தான். சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் டாக்டர் வாசகத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார், நான் அடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஆர்லோ குபிசெக் என்ற பெயரில் எவரும் மேற்படி பாலத்தில் மேற்படி நாளில் இருந்ததில்லை என்று, நேரில் கண்டவன் என்ற முறையில் உறுதி கூறுகிறேன். அதுதான் வாசகம். வெர்லின் கையெழுத்துப் போட்டார். முந்திய காகிதத்தில் போட்ட கையெழுத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, கோழி கிளறியது மாதிரி இருந்தது. அன்று சாயங்காலமே ஊருக்குக் கிளம்பிவிட்டார். காலி டப்பாவை என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

படம் நன்றாக ஓடியது. சரணடைய ஓடுகிறவனுக்கு வேறு ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். வருஷக் கடைசியில் சரித்திரத் துல்லியத்துக்கான விருது எங்களுக்குக் கிடைத்தது. டாக்டர் மேடையேறி, இறந்தவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய ஒரே அஞ்சலி உண்மைதான் என்று பேசினார். நடிப்பு இல்லை, அவர் நிஜமாகவே அழுதார். போலந்துத் தூதரகத்திலிருந்து வந்த கடிதத்தை நான்தான் பிரித்தேன். சூப் நிறம் பற்றி அதில் எதுவும் இல்லாததால் கதைத் துறைக்கு அனுப்பிவிட்டோம்.

மறு வருஷம் மே மாதம் ஓபல் தொலைபேசியில் கூப்பிட்டாள். வெர்லின் ஆறு மாதமாகத் தொலைபேசியை எடுப்பதில்லையாம். போய்க் கதவைத் தட்டினாலும் திறப்பதில்லையாம். வாரியத்திலிருந்து அவளுக்குப் பதில் வந்திருந்தது. நாலாவது மனுவையும் தள்ளிவிட்டார்கள். சாட்சி ஒருவர் பல தடவை எழுதிக் கொடுத்திருந்தால் கடைசியாக எழுதியதே செல்லும் என்பது விதி. உயிரோடிருக்கும் ஒரே சாட்சி கடைசியாக எழுதியதன் நகலை வைத்திருந்தார்கள். அந்தப் பாலத்தில் இல்லாத ஒருவருக்காக இனிமேல் மனுப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கையெழுத்துக்குக் கீழ ரெண்டு எழுத்து சின்னதா இருக்கே, அது டைப் அடிச்சவங்களோடதா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. என்னோடதுதான்."

ஏன் எழுதினார் என்று கேட்டாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"பயந்தாங்கொள்ளின்னு எழுதியிருந்தப்பகூட அவன் அங்க இருந்தான்மா" என்றாள். "வெர்லின்கிட்ட எனக்குக் கோபம் இல்லன்னு சொல்லணும். கதவைத் தொறந்தாத்தானே சொல்றதுக்கு." பிறகு கேட்டாள்: "அந்தத் துணி, அது நெஜமாவே அதே மாதிரிதான் இருந்துச்சா?"

"அதே மாதிரிதான் இருந்துச்சு. வெர்லின் பாத்துட்டு நிக்க முடியாம உக்காந்துட்டார்."

"அதுல ஒரு துண்டு கெடைக்குமா? புல்லுல வெக்கறதுக்கு."

முறைப்படிதான் விண்ணப்பித்தேன். சேமிப்பு அறையிலிருந்து ஒரு பொருளை வெளியே எடுக்க, யாருடைய நினைவுக்காக என்ற இடத்தில் பெயர் எழுத வேண்டும். எழுதினேன். டாக்டர் ஃபென்விக் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார். அந்தப் பெயரில் எவரும் இல்லை என்று துறையில் ஆவணம் இருப்பதாகவும், அதைத் தட்டச்சு செய்ததே நான்தான் என்றும் ஓரத்தில் எழுதியிருந்தார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கத்தரிக்கோலோடு போனேன். ஒரு மூலையில் ஒரு சாண் வெட்டினேன். வெர்லினின் தகர டப்பாவிலேயே வைத்து அயோவாவுக்கு அனுப்பினேன்.

ஐந்து வருஷம் கழித்துக் கணக்கெடுப்பில் துணியை அளந்தார்கள். ஒரு மூலை குறைந்தது. துறையின் சரித்திரத்தில் முதல் பிசகு என்று மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு உட்கார்ந்தது. வெட்டியது நான் என்று முதல் கேள்விக்கே ஒத்துக்கொண்டேன். யாருக்காக என்று கேட்டார்கள். ஆர்லோ குபிசெக்குக்காக என்றேன், எழுத்துக்கூட்டியும் சொன்னேன்.

பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் டாக்டரைப் பார்த்தாள். அவர் எழுத வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வேலையை விட்டு நீக்கி எனக்குக் கொடுத்த உத்தரவில் அந்த இடத்தில், பெயர் சொல்ல மறுத்துவிட்டார் என்று இருக்கிறது.